அக்கா நூறு மைல் ஓடுகிறாள். உங்களுக்கு என்ன வேலை?

மாரத்தான் 42.195 கிலோமீட்டர். அதைத் தாண்டிய எந்த ஓட்டமும் அல்ட்ரா மாரத்தான்தான். 50 கிலோமீட்டரில் ஆரம்பித்து 100 கிலோமீட்டர், 100 மைல், 24 மணி நேரம் என்று நீண்டுகொண்டே போகும். 100 மைல் என்பது 161 கிலோமீட்டர். ஏறக்குறைய சென்னையிலிருந்து விழுப்புரம். நாம் ரயிலில் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கிற அந்தத் தூரத்தை மலைப்பாதையில், பகல் வெயிலிலும் நடுராத்திரி இருட்டிலும், ஓடியும் நடந்தும் கடக்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கலாம். அக்கா என்று வைத்துக்கொள்வோம். பெயர் கொடுத்தாள், குலுக்கலில் இடமும் கிடைத்துவிட்டது. ‘நீ க்ரூவுக்கு வர்றியா?’ என்று கேட்டாள். நீங்களும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டீர்கள்.

க்ரூ என்பது ஓடுகிறவருக்கு வழியில் உதவி செய்யும் சிறு குழு. இரண்டு பேர் இருக்கலாம், நான்கு பேர் இருக்கலாம். சாப்பாடு, தண்ணீர், மாற்றுக் காலுறை, டார்ச் லைட் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓட்டக்காரருக்கு முன்னால் போய், அனுமதித்த இடங்களில் காத்திருந்து, வந்ததும் ஐந்து நிமிடத்தில் தேவையானதைச் செய்து அனுப்பிவைத்துவிட்டு, அடுத்த இடத்துக்குக் கிளம்ப வேண்டும். சம்பளம் கிடையாது, பதக்கம் கிடையாது, அன்று இரவு தூக்கமும் கிடையாது.

எல்லா ஓட்டத்திலும் இந்த வேலை ஒரே மாதிரி இருக்காது. கலிஃபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் ஜூலை மாதம் நடக்கும் பேட்வாட்டர் 135 ஓட்டம் கடல் மட்டத்துக்கு 85 மீட்டர் கீழே தொடங்கி, 217 கிலோமீட்டர் தள்ளி, விட்னி மலையில் சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் முடிகிறது. வெப்பம் 50 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். வழியில் உதவி நிலையம் என்று எதுவும் இல்லை. க்ரூவின் வண்டிதான் எல்லாம், அதனால் க்ரூ இல்லாதவரை ஓடவே விடமாட்டார்கள். ஆல்ப்ஸில் மோன் பிளாங் மலையைச் சுற்றிவரும் யூடிஎம்பி ஓட்டத்தில் நிலைமை நேர் எதிர். குறிப்பிட்ட சில நிலையங்களில் மட்டும் சொந்தக்காரர் உதவலாம்; கூடவே ஓடித் துணை வருவதற்கு அனுமதியே இல்லை. ஆகவே முதல் வேலை, அந்தந்த ஓட்டத்தின் விதிப் புத்தகத்தை வரிவிடாமல் படிப்பது. நீங்கள் செய்யும் தவறுக்கு அக்காவைத்தான் வெளியேற்றுவார்கள்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100. அக்கா ஓடப்போவது இதில்தான் என்று வைத்துக்கொண்டு மேலே போகலாம். உலகின் மிகப் பழைய நூறு மைல் மலைப்பாதை ஓட்டம் இது. வென்டல் ரோபி என்பவர் 1955இல் தொடங்கிய குதிரைச் சவாரிப் போட்டியின் பாதை; 1974இல் கார்டி ஐன்ஸ்லி குதிரையை விட்டுவிட்டுத் தன் காலாலேயே அதை 23 மணி 42 நிமிடத்தில் கடந்தார். 1977இலிருந்து ஓட்டப் போட்டியாக நடக்கிறது. குதிரைக்காரர் வழக்கப்படி இன்றும் பரிசு பெல்ட் பக்கிள்தான். 24 மணி நேரத்துக்குள் வந்தால் வெள்ளி, 30 மணி நேரத்துக்குள் வந்தால் வெண்கலம். ஜூன் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை 5 மணிக்கு ஒலிம்பிக் வேலியில் புறப்பட்டு, ஞாயிறு காலை 11 மணிக்குள் ஆபர்ன் ஊரில் பிளேசர் உயர்நிலைப் பள்ளி மைதானத்துக்கு வந்து சேர வேண்டும். மொத்த ஏற்றம் சுமார் 5,500 மீட்டர், இறக்கம் 7,000 மீட்டர். இறக்கம்தானே அதிகம் என்று நிம்மதி அடைய வேண்டாம். தொடைத் தசைகளைக் கிழிப்பது இறக்கம்தான்.

இனி விஷயத்துக்கு வருவோம். க்ரூ வேலையில் சொதப்புகிறவர்கள் பெரும்பாலும் சோம்பேறிகள் அல்ல, பாசக்காரர்கள். ஒருவர் முகம் வாடினால் உட்காரவைப்பது, தண்ணீர் கொடுத்துக் குடி குடி என்பது, ‘போதும், உடம்பைக் கெடுத்துக்காதே’ என்பது, இந்த மூன்றும் நம் வீடுகளில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே வருவது. நூறு மைல் ஓட்டத்தில் மூன்றுமே தப்பாகப் போகக்கூடியவை. அக்காவுக்கு அன்று வேண்டியது உங்கள் இரக்கம் அல்ல. அவளுக்காக யோசிக்க ஒரு தலை வேண்டும். பதினைந்து மணி நேரம் ஓடியவருக்குக் கணக்குப் போட வராது, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வராது, பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே பாட்டில் எங்கே என்று கேட்பார். அந்த யோசனையைக் கழற்றி வாங்கிக்கொள்வதுதான் க்ரூவின் வேலை. மற்றதெல்லாம் அதன் கிளைகள்.

ஓட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு அக்காவோடு உட்கார்ந்து ஒரு பேச்சு பேசிவிடுங்கள். எத்தனை மணி நேரத்தில் முடிக்கப் பார்க்கிறாள்? என்ன சொன்னால் எரிச்சல் வரும்? நான் விட்டுவிடுகிறேன் என்று அவள் சொன்னால் நீங்கள் என்ன செய்ய வேண்டும்? இந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலை எழுதியே வாங்கிக்கொள்ளலாம். வாந்தி எடுத்தால், அழுதால், தூக்கம் வந்தால் விடாதே. கால் ஊன்றவே முடியாவிட்டால், பேச்சு குழறினால் நிறுத்து. இப்படி அவளே தெளிவாக இருக்கும்போது சொன்னது, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அவள் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழும்போது உங்களுக்குத் தைரியம் கொடுக்கும்.

அடுத்தது காகிதம். ஒவ்வொரு நிலையத்துக்கும் சீக்கிரம் வந்தால் எத்தனை மணி, சாதாரணமாக எத்தனை மணி, தாமதமானால் எத்தனை மணி, கதவடைக்கும் நேரம் எத்தனை மணி என்று ஒரு பட்டியல் போட்டு அச்சடித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். ஓட்டம் நடக்கும் சியரா நெவாடா மலைப் பள்ளத்தாக்குகளில் பல இடங்களில் சிக்னல் கிடையாது. சில நிலையங்களுக்கு வண்டியைத் தொலைவில் நிறுத்திவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். சிலவற்றுக்கு அமைப்பாளர்கள் விடும் பேருந்தில்தான் போகலாம், அதற்கும் வரிசை நிற்கும். பத்து மணிக்கு வருவாள் என்றால் ஒன்பது மணிக்கே நீங்கள் அங்கே இருக்க வேண்டும். எத்தனை கெட்டிக்காரத்தனமாகத் தயாரானாலும், ஆள் இல்லாத நாற்காலியை அக்கா வந்து பார்த்தால் எல்லாம் போச்சு.

சாமான்களை மூன்று நான்கு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிகளாகப் பிரித்து வையுங்கள். ஒன்றில் சாப்பாடு, ஒன்றில் கால் சமாச்சாரம், ஒன்றில் இரவுக்கான உடையும் விளக்கும். வெளியே பெரிய எழுத்தில் எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே பையில் அமுக்கிவிட்டு, இருட்டில் வாஸ்லின் டப்பாவைத் தேடும்போது குடும்பச் சண்டை வரும்.

வெஸ்டர்ன் ஸ்டேட்ஸில் க்ரூவுக்கு உயிர்நாடியான இடம் ஃபாரஸ்ட்ஹில். 62ஆவது மைல், அதாவது ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அதற்கு முன்னால் ஓட்டக்காரர்கள் ஆழமான பள்ளத்தாக்குகளில் இறங்கி ஏறி வந்திருப்பார்கள். பகலில் அங்கே காற்றே இருக்காது, வெப்பம் 38 டிகிரியைத் தாண்டும் ஆண்டுகளும் உண்டு. ஃபாரஸ்ட்ஹில் ஒரு சிறிய மலையூர். அன்று அதன் முக்கியச் சாலை நெடுக மடக்கு நாற்காலிகளும் ஐஸ் பெட்டிகளும் குழந்தைகளும் நாய்களுமாகத் திருவிழாக் கூட்டம் நிற்கும். 28 மணி நேரக் கணக்கில் ஓடுகிறவர் இரவு பத்து மணி வாக்கில் இங்கே வருவார்.

அக்கா நாற்காலிக்கு வந்து சேரும்வரை காத்திருக்காதீர்கள். ஊருக்குச் சற்று முன்னால் பாத் ரோடு என்ற இடத்திலிருந்து கூடவே நடந்துவர அனுமதி உண்டு. ஒருவர் அங்கே போய்விட வேண்டும். நடந்துகொண்டே கேள்வி கேட்க வேண்டும்.

‘அக்கா, கடைசியா என்ன சாப்பிட்ட?’

‘தெரியல.’

‘முந்தின ஸ்டேஷன்ல, மிச்சிகன் பிளஃப்ல?’

‘ரெண்டு துண்டு தர்பூசணி.’

‘ஜெல்?’

‘பாத்தாலே குமட்டுது.’

‘யூரின் போனியா?’

‘போனேன். மஞ்சளா இருந்துச்சு.’

‘கால்ல எங்க எரியுது?’

‘இடது குதிகால்.’

அரை நிமிடம்தான். தேவையான எல்லாம் கிடைத்துவிட்டது. ‘எப்படிக்கா இருக்க?’ என்று கேட்டிருந்தால் ‘முடியல’ என்று ஒரு பதில் வந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்?

இதற்குள் நாற்காலியருகே இருப்பவருக்குச் செய்தி போயிருக்கும். கால் பெட்டி திறந்திருக்கும், இடது காலணியின் முடிச்சை அவிழ்க்க ஆள் தரையில் உட்கார்ந்திருக்கும். பெரிய ஓட்டங்களில் பழகியவர்கள் எல்லோருக்கும் நாற்காலி என்றால் ஒரு பயம் உண்டு. உட்கார்ந்தவர் எழுந்திருப்பதில்லை. ஆகவே கைப்பேசியில் ஐந்து நிமிடத்துக்கு மணி வைத்துவிட்டுத்தான் உட்காரவைக்க வேண்டும்.

காலுறையைக் கழற்றியதும் மண்ணும் வியர்வையும் சேர்ந்த சேறு வழியும். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துண்டால் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது, ஊறிப்போன தோல் கையோடு வந்துவிடும். குதிகாலில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கொப்புளம் இருக்கிறது. வலிக்காத கொப்புளத்தைத் தொடவே வேண்டாம். இது வலிக்கிறது. கிருமிநாசினியால் துடைத்த ஊசியைக் கொப்புளத்தின் ஓரத்தில் குத்தி நீரை அழுத்தி எடுத்துவிட்டு, மேல்தோலை அப்படியே விட்டு, ஒட்டும் டேப்பைச் சுருக்கம் விழாமல் ஒட்ட வேண்டும். டேப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் பத்து கிலோமீட்டரில் அதுவே அடுத்த கொப்புளம். விரலிடுக்கில் வாஸ்லின், புதுக் காலுறை, அரை அளவு பெரிய காலணி. இத்தனை மணி நேரத்தில் பாதம் வீங்கியிருக்கும், காலையில் பொருந்திய காலணி இப்போது நகத்தைப் பெயர்க்கும். இந்த வேலையை வீட்டில் ஒருமுறை யாருடைய காலிலாவது செய்து பாருங்கள். ஃபாரஸ்ட்ஹில் நடுரோடு ஒத்திகை பார்க்கும் இடம் அல்ல.

அதே நேரத்தில் இன்னொருவர் வாயைக் கவனிக்க வேண்டும். ‘சாப்பிடுறியாக்கா?’ என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வாள். ‘உருளைக்கிழங்கா, நூடுல்ஸ் சூப்பா?’ என்று கேளுங்கள். ஓடும்போது மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போவது நல்லது என்பது விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஒரு ஜெல்லில் 20, 25 கிராம் இருக்கும்; ஒரு வாழைப்பழத்திலும் அவ்வளவுதான். ஆனால் எட்டு மணி நேரத்துக்கு மேல் இந்தக் கணக்கு காகிதத்தில் மட்டும்தான் நிற்கும். ஓடும்போது ரத்தம் தசைக்கும், வெயிலில் தோலுக்கும் போய்விடுவதால் குடலுக்குக் குறைவாகவே கிடைக்கிறது. போட்டது அப்படியே நின்று குமட்டும். அப்போது இனிப்பை நிறுத்தி உப்புப் பக்கம் திரும்ப வேண்டும். உப்பில் தொட்ட அவித்த உருளைக்கிழங்கு, கோழி சூப், உப்பு பிஸ்கட், குமிழ் போன கோலா என்று உதவி நிலையங்களிலேயே கிடைக்கும். நம் நாக்குக்கு ஒரு ஃபிளாஸ்க் ரசமும், குழைய வடித்த உப்புச் சாதமும், இஞ்சித் துண்டும் கொண்டுபோங்கள். வெள்ளைக்காரர் சூப்பைவிட ரசம் மேல் என்பது என் கட்சி. ஆனால் பயிற்சி ஓட்டங்களில் சாப்பிட்டுப் பழகாத எதையும் அன்று புதிதாகக் கொடுக்கக் கூடாது, ரசமாக இருந்தாலும்.

பகலில் வேறொரு வேலை இருக்கிறது: குளிர்விப்பது. துணியைக் குழாய் மாதிரித் தைத்து, உள்ளே ஐஸ் கட்டியை நிரப்பிக் கழுத்தில் கட்டுவார்கள். தொப்பிக்குள்ளும் கைச்சட்டைக்குள்ளும் ஐஸ். உருகி வழிகிற நீர் சட்டையை நனைத்துக்கொண்டே இருக்கும், காற்று பட்டு அது ஆவியாகும்போது உடம்புச் சூடு இறங்கும். இதே நனைந்த சட்டை ராத்திரிக் குளிரில் எதிரி. இருட்டியதும் உலர்ந்த சட்டைக்கு மாற்றிவிடுங்கள்.

இப்போது அந்தத் தண்ணீர் விஷயம். களைத்து வருகிறவரைப் பார்த்தால் நம் கை தானாகப் பாட்டிலை நீட்டும். ‘நல்லா குடி, இன்னும் குடி.’ தாகத்துக்கு மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். ஹைப்போநட்ரீமியா என்று பெயர். விரல்கள் வீங்கி மோதிரம் இறுகும், தலை வலிக்கும், குமட்டும், பேச்சு தடுமாறும். மூளை வீங்கி வலிப்பு வந்து உயிர் போகவும் கூடும். கொடுமை என்னவென்றால், குமட்டலும் தலைவலியும் நீர் வற்றியவருக்கும் வரும். பார்த்தவுடன் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் குடிக்க வைத்துவிடுவோம். ஓட்டத்துக்கு முன் இருந்ததைவிட எடை கூடியிருந்தால், பல மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் விரல் வீங்கியிருந்தால், தண்ணீரை நிறுத்திவிட்டு மருத்துவக் கூடாரத்துக்கு அழைத்துப் போங்கள். மற்ற நேரத்தில் தாகத்துக்குக் குடித்தால் போதும்.

வலி மாத்திரையும் இதே ரகம். இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். உடைந்த தசையின் கழிவைச் சுத்தம் செய்ய அந்தச் சிறுநீரகம் அன்று ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும். கைப்பையில் எப்போதும் இருக்கிற மாத்திரைதானே என்று கொடுத்துவிடாதீர்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போகிறது என்று அக்கா சொன்னால் அது சாதாரணச் செய்தி அல்ல, மருத்துவர் பார்க்க வேண்டியது.

ஃபாரஸ்ட்ஹில்லிலிருந்து பேஸர் என்ற துணை ஓட்டக்காரர் ஒருவர் கூடவே ஓடலாம். ஓடத் தெரிந்தவராக, அதைவிட முக்கியமாக வாய் ஓயாமல் பேசத் தெரிந்தவராகவோ, பேசாதே என்றால் பேசாமல் வரத் தெரிந்தவராகவோ இருக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை சாப்பாட்டை ஞாபகப்படுத்துவதும், வழிக் குறிகளைப் பார்ப்பதும் அவர் வேலை. 2016இல் எல்லோருக்கும் வெகுதூரம் முன்னால், சாதனை நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஜிம் வாம்ஸ்லி 90 மைலுக்கு மேல் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு வழிதப்பினார். கடைசியில் 20ஆவதாக வந்தார். முதலிடத்துக்காரருக்கே அந்த நிலைமை என்றால் தூக்கக் கலக்கத்தில் வரும் அக்காவுக்குச் சொல்ல வேண்டாம்.

பேஸர் அக்காவின் பாட்டிலைச் சுமக்கக் கூடாது. கொலராடோவின் லெட்வில் ஓட்டத்தில் அது அனுமதிக்கப்பட்ட விஷயம். வெஸ்டர்ன் ஸ்டேட்ஸில் தடை. தூக்கிப் பிடிப்பதும் தடை. 2006இல் பிரையன் மாரிசன் எல்லோருக்கும் முதலாக பிளேசர் பள்ளி மைதானத்துக்குள் நுழைந்தார். இன்னும் 300 மீட்டர்கூட இல்லை. அங்கே விழுந்தார், எழுந்தார், திரும்ப விழுந்தார். உடன் வந்தவர்கள் தாங்கிப் பிடித்துக் கோட்டைக் கடக்க வைத்தார்கள். அவருக்குத் துணை ஓடிவந்தவர் ஸ்காட் ஜூரெக், அதற்கு முந்தைய ஏழு ஆண்டும் அந்த ஓட்டத்தை வரிசையாக வென்றவர். விதி தெரியாதவர் அல்ல. கண்முன் விழுகிறவரைப் பிடிக்காத கை ஏது? ஆனால் வெளி உதவியோடு முடித்தார் என்று மாரிசனைத் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். கிரஹாம் கூப்பர் வெற்றியாளர் ஆனார். பத்து ஆண்டு கழித்து, 2016இல், மாரிசன் திரும்பி வந்து அதே கோட்டைத் தன் காலால் கடந்தார். ஆகவே, ஆள் விழுந்தால் ஒன்று மருத்துவரைக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இல்லை.

அக்கா ‘நான் விட்டுடறேன்’ என்று சொல்லும் கட்டம் பெரும்பாலும் வரும். பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும். அப்போது வாதாடாதீர்கள், தத்துவம் பேசாதீர்கள். ‘சரிக்கா, விட்டுடலாம். முதல்ல இந்த சூப்பைக் குடி. பத்து நிமிஷம் கழிச்சுப் பேசலாம்’ என்று சொல்லுங்கள். சோர்வுக்கும் விரக்திக்கும் பாதி காரணம் வயிற்றில் ஒன்றும் இல்லாததுதான். கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் உப்பு உள்ளே போனதும் அதே ஆள் கால்மணி நேரத்தில் எழுந்து நடப்பதை எல்லா உதவி நிலையத்திலும் பார்க்கலாம். ‘கிட்ட வந்துட்டோம்’ என்று மட்டும் பொய் சொல்லாதீர்கள். இன்னும் 35 கிலோமீட்டர் என்றால் 35 என்றே சொல்லுங்கள், அல்லது அடுத்த நிலையம் எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் சொல்லுங்கள். ஒருமுறை பொய் பிடிபட்டால் அப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் அவள் நம்பமாட்டாள்.

நீங்களே நிறுத்த வேண்டிய கட்டமும் உண்டு. மரக்கட்டை நாயாகத் தெரிகிறது என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னால் அது தூக்கமின்மை, பயப்பட வேண்டாம். தான் எங்கே இருக்கிறோம், நீங்கள் யார் என்பதே பிடிபடவில்லை என்றால் அது வேறு. வெப்பத் தாக்குதலின் முக்கிய அடையாளம் இந்தக் குழப்பம்தான். வியர்வை நின்றால்தான் வெப்பத் தாக்குதல் என்று பலர் நினைக்கிறார்கள். ஓடுகிறவர்களுக்கு வியர்த்துக்கொண்டிருக்கும்போதே வரும். நெஞ்சு வலி, நிற்காத வாந்தி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பது, இதில் எது வந்தாலும் அவளிடம் அனுமதி கேட்காதீர்கள். மருத்துவக் குழுவிடம் ஒப்படையுங்கள். கோபித்துக்கொள்வாள், கோபிக்கட்டும்.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 30 மணி நேரம் நீங்களும் தூங்கவில்லை. அக்கா மலைப்பாதையில் கால் இடறி விழுவதைவிட, நீங்கள் அரைத்தூக்கத்தில் வளைவுச் சாலையில் வண்டி ஓட்டுவது எனக்கு அதிக ஆபத்தாகப் படுகிறது. இரண்டு பேர் மாறி மாறி ஓட்டுங்கள், காத்திருக்கும் நேரத்தில் முறை வைத்துத் தூங்குங்கள், உங்கள் சாப்பாட்டைத் தனியாகக் கட்டி எடுத்துப்போங்கள். அக்காவின் உருளைக்கிழங்கைத் தின்றுவிட்டு நிற்கிற க்ரூவை நான் மன்னிக்கமாட்டேன்.

98.9ஆவது மைலில் ரோபி பாயின்ட் வரும். அங்கிருந்து கடைசி இரண்டு கிலோமீட்டருக்குக் க்ரூ முழுவதும் கூடவே போகலாம். இந்த ஓட்டத்தின் கடைசி ஒரு மணி நேரத்துக்கு ஜெயித்தவர்கள்கூடத் தூங்கி எழுந்து மைதானத்துக்குத் திரும்பி வருவார்கள். 2015இல் 70 வயது கன்ஹில்ட் ஸ்வான்சன் 29 மணி 59 நிமிடம் 54 விநாடியில் கோட்டைக் கடந்தார். ஆறு விநாடி மிச்சம். வழியில் அவரோடு ஓடிவந்தவர்களில் ஒருவர் முந்தைய நாளே அந்த ஓட்டத்தை வென்றிருந்த ராப் கிரார், காலில் ரப்பர் செருப்போடு. தூக்கவில்லை, இழுக்கவில்லை, பக்கத்தில் ஓடினார், அவ்வளவுதான். அந்த ஆறு விநாடியை நாற்காலியிலிருந்து எத்தனை முறை சீக்கிரம் எழுந்ததில் சேமித்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

முடிந்த பிறகு அக்காவை வண்டி ஓட்ட விடாதீர்கள். அடுத்த ஓரிரு நாளில் சிறுநீரின் நிறத்தையும் கால் வீக்கத்தையும் விசாரித்துக்கொண்டே இருங்கள்.

முதல்முறையே மலைக்குப் போய்க் க்ரூ செய்ய வேண்டும் என்பதில்லை. இந்தியாவில் பெங்களூரு, மும்பை போன்ற நகரங்களில் மைதானத்தையே சுற்றிவரும் 12 மணி, 24 மணி நேர ஓட்டங்கள் நடந்திருக்கின்றன. ஓடுகிறவர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை உங்களைக் கடந்து போவார், மருத்துவர் பக்கத்தில் இருப்பார், எதை மறந்தாலும் அடுத்த சுற்றில் சரிசெய்துகொள்ளலாம். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. அதற்கும் முன்னால், ஏதாவது ஒரு ஓட்டத்தின் உதவி நிலையத்தில் ஓர் இரவு தொண்டராக நில்லுங்கள். வெஸ்டர்ன் ஸ்டேட்ஸில் ஓட இடம் கிடைத்தவர்களே 8 மணி நேரம் தொண்டு செய்து காட்ட வேண்டும் என்பது விதி. யாருடைய அக்காவோ யாருடைய அப்பாவோ உங்கள் முன்னால் வந்து உட்காருவார்கள். பாசம் குறுக்கே வராததால் சூப் கொடுத்து எழுப்பி அனுப்பச் சீக்கிரம் பழகிவிடும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அடுத்து நடக்கும் ஓட்டத்துக்கு எழுதிப் பெயர் கொடுங்கள். நடுராத்திரிக்கு மேல் நிற்கிறேன் என்று சொன்னால் பெரும்பாலும் உடனே எடுத்துக்கொள்வார்கள்.